‘நான்’ என்று சொல்லப் பழகுவோம்

(நூற்றாண்டு நிகழ்வுகளின் தொழில் வழிகாட்டல் அமர்வில், பொறியியல் துறையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு ‘பொறியியல் பட்டத்துக்குப் பின்’ என்பதாகும். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுப்பது எப்படி, பொறியியல் பீடத்துக்குத் தெரிவாவது எப்படி என்று சொல்லித்தர இன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே பொறியியல் பீடம் இருக்கிறது. பட்டம் கிடைத்த பிறகு வரும் அடுத்த படியைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சுக் குறைவு. ஆகவே ‘பட்டயப் பொறியியலாளர்’ என்ற தகுதிக்கான நேர்முகப் பரீட்சையையும், அதற்கு ஆயத்தமாவதையும் பற்றி மட்டும் பேசலாம் என்று முடிவெடுத்தோம். எங்களில் குடிசார் பொறியியல், மின் பொறியியல், இயந்திரப் பொறியியல் ஆகிய மூன்று துறையினரும் இருக்கிறோம். இங்கே சொல்பவை நாங்கள் கூடிப் பேசித் தொகுத்தவை.

முதலில், இது என்ன பரீட்சை?

வைத்தியம் படித்தவர் உள்ளகப் பயிற்சி முடித்துப் பதிவு பெற்ற பிறகே தனியே வைத்தியம் பார்க்கலாம் என்பது நம் வீட்டு உம்மாமாருக்கும் தெரியும். பொறியியலிலும் அதுபோன்ற ஒரு படி உண்டு. நான்கு வருடப் பட்டம் ஒருவர் படித்ததற்குச் சான்று. பிறர் உயிரையும் பணத்தையும் நம்பி ஒரு வேலையை அவரிடம் ஒப்படைக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அதே தொழிலில் இருக்கும் மூத்தவர்கள்.

நம் நாட்டில் அந்தப் பொறுப்பு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்திடம் இருக்கிறது. 1906இல் இலங்கைப் பொறியியல் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு அது. 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு முதலில் இணை அங்கத்தவராகச் சேர்கிறோம். பின்னர் சில வருடங்கள் மூத்த பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறோம். அந்த வேலையைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்து, நேர்முகப் பரீட்சைக்கு முகங்கொடுத்து, அதில் சித்தியடைந்தால் அங்கத்தவராகவும் பட்டயப் பொறியியலாளராகவும் ஆகிறோம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறியியல் பேரவை என்ற இன்னோர் அமைப்பும் உருவாகி, பொறியியல் தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்திருக்கிறது. நிறுவனத்தின் அங்கத்துவமும் பேரவையின் பதிவும் இரு வேறு விடயங்கள். இரண்டையும் ஒன்றென எண்ணிவிட வேண்டாம்.

வெளிநாடுகளில் இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1989இல் ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் ஒப்பமிட்ட ‘வொஷிங்டன் உடன்படிக்கை’யில் இலங்கை 2014இல் முழு அங்கத்துவம் பெற்றது. இதனால் நம் நாட்டின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளின் அமைப்புகள் தங்கள் நாட்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கின்றன. அந்த உடன்படிக்கை பட்டத்தை மட்டுமே ஏற்கிறது. பட்டயத் தகுதியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாது. போன நாட்டில் அந்த நாட்டின் நேர்முகப் பரீட்சைக்குத் தனியாகப் போக வேண்டியிருக்கும். உங்கள் பட்டம் எந்த ஆண்டில் அங்கீகாரம் பெற்றது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் நமக்கு முக்கியம்?

பதவி உயர்வு ஒரு காரணம். அரச சேவையிலும் சபைகளிலும் மேல் பதவிகளுக்கு இந்தத் தகுதி கேட்கப்படுவது வழக்கம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நம் ஊர்தான்.

2004 டிசம்பர் 26ஐ இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இலங்கையில் சுனாமியால் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுக வீடுகளும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் திரும்பக் கட்டப்பட்டன. அத்தனை கட்டடத்துக்கும் யாரோ ஒருவர் வரைபடத்தில் ஒப்பமிட்டார். இந்தச் சுவர் நிற்கும், இந்தத் தூண் தாங்கும் என்று யாரோ ஒருவர் பொறுப்பேற்றார். அப்படிப் பொறுப்பேற்றவர்களில் நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அன்று கேட்டிருந்தால் விரல் மடக்கத் தேவை இருந்திருக்காது.

இன்று பட்டம் பெற்ற பெண்பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் பட்டத்துக்கும் பட்டயத்துக்கும் இடையிலுள்ள அந்தச் சில வருடங்கள்தான் கலியாணமும் பிள்ளைப்பேறும் வரும் வருடங்கள். சைட்டுக்குப் போவது சங்கடம், தூர இடத்து வேலை வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று பலருக்கு நின்றுபோகிறது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எங்களில் பலரும் அந்தப் பாதையால் வந்தவர்கள்தான். இடைவெளி எடுத்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்ற எண்ணம் சரியல்ல என்பதைச் சொல்லவே விரும்புகிறோம். ஒழுங்காகப் பதிந்து, மேற்பார்வையாளரின் ஒப்பமும் வாங்கி வைத்த வேலை எங்கும் போகாது. திரும்பி வரும்போது அது காத்திருக்கும். பதியாத வேலையைத்தான் மீட்க முடியாது.

இனி, நேர்முகப் பரீட்சையில் நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதற்கு வருவோம்.

கணக்கில் தடுமாறுவது குறைவு. ஒரே ஒரு சொல்லில்தான் தடுமாறுகிறோம். ‘நான்’ என்ற சொல்.

நம் வீடுகளில் பெண்பிள்ளையை ‘நான் செய்தேன்’ என்று சொல்லப் பழக்குவதில்லை. அது பெருமை பேசுவதாகத் தோன்றும். சமைத்தவள் தானே ஆனாலும் “எங்கட வீட்டுல சமைச்சது” என்று சொல்வதுதான் நம் வழக்கம். நல்ல பழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் பரீட்சைக் குழுவுக்கு முன்னால் அது நமக்கு எதிராகிவிடுகிறது. “அத்திவாரத்தை எப்படித் தீர்மானித்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். “நாங்கள் மண் பரிசோதனை செய்தோம், வடிவமைப்பு செய்யப்பட்டது, பிறகு அங்கீகாரம் பெறப்பட்டது” என்று பதில் வருகிறது. கேட்டவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. செய்தது யார்? உங்கள் மேலதிகாரியா, ஆலோசகரா, ஒப்பந்தக்காரரா, நீங்களா?

நம் மொழியில் வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே ஆள் தெரிந்துவிடும். ‘செய்தேன்’ என்றால் ஒருத்தி. ‘செய்தோம்’ என்றால் கூட்டம். ‘செய்யப்பட்டது’ என்றால் ஆளே இல்லை. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போதும் பிள்ளைகள் இந்த மூன்றாவது வகையிலேயே பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூட அறிக்கைக்கு அது சரி. தொழில் அறிக்கைக்குச் சரிவராது. இன்று இந்த உரையில் நாங்கள் ‘நாங்கள்’ என்று பேசுவது பலர் சார்பில் பேசுவதால். பரீட்சை அறைக்குள் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்.

‘நான்’ என்று சொல்வது மற்றவர் வேலையைத் தன்னுடையதாக்கிக்கொள்வது அல்ல. “மண் பரிசோதனையை ஒரு நிறுவனம் செய்தது. அறிக்கையை நான் வாசித்தேன். ஆறு அடியில் நிலத்தடி நீர் இருப்பதைக் கவனித்தேன். அதனால் அத்திவாரத்தின் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாம் என்று நான் பரிந்துரைத்தேன். என் மேலதிகாரி கணக்கைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்.” இப்படிச் சொன்னால் யார் எதைச் செய்தார்கள் என்பது தெளிவு. உண்மையும் அதுதான். குழுவினர் தேடுவது பெரிய திட்டத்தை அல்ல. உங்கள் தீர்மானம் எங்கே இருந்தது, அதற்கு நீங்கள் பதில் சொல்வீர்களா என்பதையே தேடுகிறார்கள். பல மாடிக் கட்டடத்தில் ஓரமாக நின்றவரைவிட, ஒரு சின்ன மதகைத் தானே தீர்மானித்துக் கட்டியவருக்குச் சொல்ல அதிகம் இருக்கும்.

ஆயத்தம் எங்கே தொடங்க வேண்டும்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில்.

ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இன்று எங்கே போனேன், என்ன பார்த்தேன், என்ன தீர்மானித்தேன், ஏன், யாரிடம் கேட்டேன் என்று ஒவ்வொரு நாளும் ஐந்து வரி எழுதுங்கள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சுருக்கி, நிறுவனம் கேட்கும் பயிற்சிப் பதிவில் ஏற்றி, மேற்பார்வையாளரிடம் ஒப்பம் வாங்கிவிடுங்கள். நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரே தடவையில் ஒப்பம் கேட்டுப் போனால் அந்த மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது கட்டாரில் இருப்பார்.

படம் எடுக்க அனுமதியுள்ள இடங்களில் படம் எடுத்து வையுங்கள். கம்பி கட்டும்போது ஒரு படம், கொங்கிறீட் போட்ட பிறகு ஒரு படம். கையால் வரைந்த படங்களையும் வீசிவிடாதீர்கள். அறிக்கை எழுதும் நேரம் வரும்போது கம்பியூட்டரில் வரைந்த அழகான படத்தைவிட, சைட்டில் நின்று பென்சிலால் கீறிய படம் உங்கள் நினைவுக்கு அதிகம் உதவும்.

வேலையில் எல்லா அனுபவமும் தானாக வந்து சேராது. சிலரை வடிவமைப்பு மேசையிலேயே வைத்திருப்பார்கள். சிலரைச் சைட்டிலேயே விட்டுவிடுவார்கள். பெண் என்பதால் “நீங்க ஒபிஸ்ல இருங்க மிஸ்” என்று அன்பாகவே சொல்வார்கள். அந்த அன்பு அனுபவத்தைக் குறைத்துவிடும். சைட் அனுபவம் குறைவாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். கொங்கிறீட் போடும் நாளில் விடியற்காலையிலேயே போய் நில்லுங்கள். மேசன் பாஸ்மாரிடம் பேசுங்கள். முப்பது வருடமாகக் கம்பி கட்டுகிறவரிடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விடயம் இருக்கும்.

அடுத்தது அறிக்கை. எத்தனை சொற்கள், என்ன வடிவம், எத்தனை ஆதரவாளர் ஒப்பம் என்பன காலத்துக்குக் காலம் மாறும். நிறுவனம் அந்த ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியையே பாருங்கள். அக்கா தந்த பழைய பிரதியை நம்ப வேண்டாம். எழுதியதும் ஒரு சிவப்புப் பேனை எடுத்து ‘செய்யப்பட்டது’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். ‘நான்’ என்று எழுதக்கூடிய இடங்களில் அப்படியே மாற்றுங்கள். மாற்ற முடியாத பகுதியே அதிகம் என்றால் இன்னும் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. உங்கள் நிலையை நீங்களே அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இனிக் கேள்விகள். அறைக்குள் பொதுவாக உங்கள் துறையைச் சேர்ந்த மூத்த பொறியியலாளர்கள் இருப்பார்கள். பாடப்புத்தகத்தை ஒப்புவிக்கச் சொல்வதில்லை. உங்கள் அறிக்கையிலிருந்தே கேட்பார்கள். ‘ஏன்’ என்று ஒரு முறை கேட்டு, பதிலுக்கு மேலும் ஒரு ‘ஏன்’ கேட்பார்கள். நாங்கள் ஒத்திகைக்குப் பயன்படுத்தும் சில கேள்விகளை நம் ஊர்ச் சூழலிலேயே சொல்கிறோம்.

“கடற்கரைக்கு அண்மையில் கட்டிய கட்டடம். கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீட் கனத்தை ஏன் கூட்டினீர்கள்?” கடற்காற்றின் உப்பு கொங்கிறீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும் என்பது முதல் பதில். “அப்படியென்றால் கனத்தைக் கூட்டினால் மட்டும் போதுமா?” என்பது அடுத்த கேள்வி. தண்ணீர்–சீமெந்து விகிதம், நன்றாக அதிர்வூட்டி இறுக்குதல், போட்ட பிறகு ஈரம் காய விடாமல் பராமரித்தல், கழுவாத கடல் மணல் கலந்துவிடாமல் பார்த்தல் என்று பேச்சு விரிய வேண்டும். அங்கே நின்று பார்த்தவருக்கு அது தானாக விரியும்.

“இருபத்தெட்டு நாள் கியூப் பரிசோதனையில் பலம் குறைவாக வந்தது. என்ன செய்தீர்கள்?” இதற்கு ‘உடைத்தோம்’ என்றோ ‘விட்டுவிட்டோம்’ என்றோ ஒரு சொல்லில் பதில் இல்லை. ஏழு நாள் முடிவு என்ன சொன்னது, கியூப் சரியாக நிரப்பப்பட்டதா, அந்தக் கொங்கிறீட் எந்தத் தூணுக்குப் போனது, அங்கே துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்க்கலாமா, உண்மையில் அந்தத் தூணுக்கு வரும் சுமை எவ்வளவு என்று படிப்படியாகப் போக வேண்டும். கடைசியில் தீர்மானம் எடுத்தது யார் என்பதும் வர வேண்டும்.

“மணல் நிலம், தண்ணீர் மேலேயே நிற்கிறது. குழி தோண்டத் தண்ணீர் இறைத்தீர்கள். பக்கத்து வீட்டுக்கு என்ன நடக்கும்?” கல்முனையில் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டியிருக்கும் நிலையில் இது வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல. கவனமில்லாமல் இறைத்தால் நீரோடு மணலும் வரும், அடுத்த வீட்டு மதில் இறங்கும்.

இயந்திரப் பொறியியல் படித்தவரிடம் அரிசி ஆலைக் கொதிகலனின் பாதுகாப்பு வால்வைப் பற்றிக் கேட்கலாம். மின் பொறியியல் படித்தவரிடம் ஒரு வைத்தியசாலையின் ஜெனரேட்டர் அளவை எப்படிக் கணித்தீர்கள், எந்தப் பகுதிக்கு முதலில் மின் போக வேண்டும் என்று யார் தீர்மானித்தார் என்று கேட்கலாம். துறை எதுவானாலும் கேள்வியின் அடி ஒன்றுதான்.

ஒழுக்க நெறி பற்றிய கேள்வி கட்டாயம் வரும். இதை மனப்பாடம் செய்து போனால் பிடிபட்டுவிடும். ஓர் உதாரணம்: இரண்டு மாடிக்கென்று போட்ட அத்திவாரம். வீட்டுக்காரர் உறவுக்காரர். மகளுக்குச் சீதனமாக மூன்றாவது மாடி எடுக்க வேண்டும் என்கிறார். “நீங்க நம்மட புள்ளதானே, ஒரு சைன் போட்டுத் தாங்க” என்கிறார். காணி சிறிய நம் ஊர்களில், மகளுக்கு வீடு கொடுத்தே கலியாணம் என்றிருக்கும் நம் வழக்கத்தில், இந்தக் கேள்வி உங்கள் வாசலுக்கு வராமல் இருக்காது. மாமாவின் முகத்தை முறிக்காமல், ஆனால் ஒப்பமிடாமல், அத்திவாரத்தைத் திறந்து பார்த்து, தூண்களைக் கணக்கிட்டு, பாரம் குறைந்த மாற்று வழி உண்டா என்று சொல்வது எப்படி? மேலே ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்று வைத்தாலே ஒரு தொன் பாரம் ஏறுகிறது என்று அவருக்கு விளங்கும்படி சொல்வது எப்படி? இதை இப்போதே யோசித்து வையுங்கள். பரீட்சைக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

சுற்றாடல் பற்றியும் கேட்பார்கள். நாம் உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. நம் கரையோரத்தில் மணல் அலையோடு பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்கிறது. அலைதடுப்புச் சுவர் குறுக்கே வந்தபோது அந்த மணல் தேங்கித் துறைமுக வாயில் அடைபட்டது, மணல் வந்து சேராத வடக்குப் பக்கத்தில் கரை அரிக்கப்பட்டது. தென்னந்தோப்பும் தோணி இழுத்துவிடும் இடமும் போனதை ஒலுவில், நிந்தவூர் மக்கள் கண்ணால் கண்டார்கள். ஒரு கட்டுமானம் தன் எல்லைக்கு வெளியே என்ன செய்யும் என்று முன்கூட்டியே கேட்பதும் பொறியியலாளரின் வேலைதான். அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் போதும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாம் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். பரீட்சை அறையிலும் ஆங்கிலம். விடயம் தெரிந்தும் வாய் திறக்காமல் போவது நம் பிள்ளைகளுக்கு நடக்கும். எங்களுக்கு உதவிய வழி இது. முதலில் உங்கள் திட்டத்தை வீட்டில் உம்மாவுக்கோ அம்மாவுக்கோ தமிழில் விளங்கப்படுத்துங்கள். அவர் “அப்ப ஏன் அப்படிச் செய்யல்ல?” என்று திருப்பிக் கேட்டால் நீங்கள் சரியாக விளங்கப்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அதன் பிறகு அதையே சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாகச் சொல்லுங்கள். அலங்காரமான ஆங்கிலம் தேவையில்லை. கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வெட்கமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். எழுத்துப் பயிற்சியையும் விட வேண்டாம்; நேரம் குறித்து வைத்து, கையால், ஒரு விடயத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் தூங்காமல் கொழும்புக்குப் போய், அப்படியே அறைக்குள் நுழைய வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் முந்திப் போய் உறவினர் வீட்டில் தூங்கி எழுந்து போங்கள். உடை நம் வழமையான உடைதான். எங்களில் பர்தாவோடு போனவர்களும் இருக்கிறார்கள், சாரியோடு போனவர்களும் இருக்கிறார்கள். தெரியாத கேள்வி வந்தால் “அது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்” என்று சொல்லுங்கள். தன் அறிவின் எல்லை தெரிந்தவரை நம்பலாம் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தது போல நடிப்பவரை நம்பமாட்டார்கள்.

முதல் தடவையில் கிடைக்காமல் போகலாம். அது மானக்கேடு அல்ல. எந்தப் பக்கத்தில் அனுபவம் குறைகிறது என்று பார்த்து, அதைத் தேடிப் பெற்று, மறுபடி விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர்களிடமும் இதைச் சொல்ல விரும்புகிறோம். “இனி என்னத்துக்கு, பட்டம் இருக்குத்தானே” என்ற ஒரு சொல் அந்தப் பிள்ளையை நிறுத்திவிடும். “அடுத்த முறை பார்ப்போம், புள்ளயை நான் வெச்சிருக்கேன்” என்ற ஒரு சொல் அவளைப் பட்டயப் பொறியியலாளர் ஆக்கிவிடும்.

நமக்கு முன்னால் இந்தக் கதவைத் தட்டியவர்களை நினைப்பது நல்லது. இங்கிலாந்தில் 1818இல் தொடங்கிய குடிசார் பொறியியலாளர் நிறுவனம் ஒரு பெண்ணை அங்கத்தவராக ஏற்க 1927 ஆயிற்று. அவர் டொரத்தி புக்கானன், சிட்னி துறைமுகப் பாலத்தின் வடிவமைப்பில் வேலை செய்தவர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த அ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கலியாணம். 1937இல் கணவர் காலமானபோது கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டே மின் பொறியியல் படித்து 1943இல் பட்டம் பெற்றார். அவருடைய சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தது. அதை வெட்டிப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இலண்டன் மின் பொறியியலாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை அங்கத்தவராகவும் 1966இல் முழு அங்கத்தவராகவும் ஏற்றது. இடையில் பதின்மூன்று வருடங்கள். இடைவெளிக்கு அஞ்சும் தங்கைகள் இந்த எண்ணை நினைவில் வையுங்கள். நம் நாட்டின் முதல் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரமும் தமிழ் பேசும் பெண்தான். 1960களின் தொடக்கத்தில், வகுப்பில் வேறு பெண் இல்லாத காலத்தில் பொறியியல் பீடத்துக்குள் போனவர் அவர்.

இறுதியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் நுழைவாயிலும் அமைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. மகிழ்ச்சி. அதோடு செலவில்லாத ஒன்றையும் தொடங்குவோம். பட்டயத் தகுதி பெற்ற பழைய மாணவியர் ஒவ்வொருவரும் பட்டம் மட்டும் பெற்ற ஒரு தங்கையைப் பொறுப்பேற்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளுடைய குறிப்பேட்டைப் பார்க்கட்டும். பரீட்சைக்கு முன் பாடசாலை விடுமுறை நாளொன்றில் இங்கே ஒரு வகுப்பறையில் மூன்று கதிரை போட்டு ஒத்திகை நேர்முகம் நடத்துவோம். இலண்டனிலும் மெல்பேணிலும் டோஹாவிலும் உள்ளவர்கள் தொலைபேசித் திரையில் சேர்ந்துகொள்ளலாம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்துக்கு மாகாணங்களிலும் வெளிநாடுகளிலும் கிளைகள் உண்டு, அவற்றோடும் தொடர்புகொள்ளலாம். பொறியியலுக்கு மட்டுமல்ல, கணக்கியல், சட்டம், கட்டடக்கலை என்று தொழில்சார் தகுதிக்குப் போகும் எல்லாத் தங்கைகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். விருப்பமுள்ளவர்கள் இன்றே செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். எங்கள் பெயர்களை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

முன்வரிசையில் இருக்கும் தங்கைகளுக்கு ஒரு சிறு வீட்டு வேலை. இன்று வீட்டுக்குப் போய், இந்த வருடம் நீங்கள் செய்த ஒரு விடயத்தைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செய்த மாதிரியாக இருக்கலாம், வீட்டுக் கிணற்று மோட்டரைத் திருத்தியதாக இருக்கலாம். ஒவ்வொரு வரியும் ‘நான்’ என்று தொடங்கட்டும். உதவியவர்களின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். நாளை கணித ஆசிரியையிடம் காட்டுங்கள்.